மூளிக் காது

"ஊது, ஊது, நிறுத்தாதே! இந்தப் பக்கம் வா... அட, இந்தப் பக்கம்டி!"

பத்தர் போட்ட சத்தத்தில் சன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கா எழுந்து பறந்தது. மகள் வாண்டுவால் பதில் சொல்ல முடியவில்லை. வாயில் ஊதுகுழல் இருந்தது, கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. இல்லாவிட்டால், "நீங்க கத்துற கத்துல நெருப்பே அணைஞ்சிரும்பா, கொஞ்சம் சும்மா இருங்க" என்று ஒரு போடு போட்டிருப்பாள்.

விளக்குச் சுடர் குழல் முனையில் வளைந்து, கரிக்கட்டி மேல் கவிழ்ந்திருந்த ஜிமிக்கிக் குடையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. விளிம்பைச் சுற்றிக் கடுகைவிடச் சின்னதாகத் தங்க அரும்புகள். அரும்புக்கு அடியில் பற்றவைக்கும் பொடி. பொடி உருகி ஓட வேண்டும், அரும்பு உருகவே கூடாது. கொஞ்சம் அசந்தால் இரண்டும் சேர்ந்து கூழாகிவிடும். அப்புறம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்கு இன்றைக்கு நேரம் இல்லை.

பொடி பளிச்சென்று மின்னி, விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றி ஓடியது. வாண்டு குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"ஓடிருச்சா?" உள் அறையிலிருந்து அம்மாவின் குரல். மெலிந்த குரல்தான், ஆனால் அதில் ஒரு அவசரம் இருந்தது.

"ஓடிருச்சும்மா!"

"ரெண்டாவதுமா?"

"ரெண்டும்!"

"அப்பாடா. அதுக்குள்ள நான் ஓடிருவேனோன்னு பாத்தேன்."

பத்தர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் இரண்டு நாளாக இப்படித்தான் இருக்கிறார். வீட்டில் ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது, மனுஷர் புது மாப்பிள்ளை மாதிரிக் குதித்துக்கொண்டிருக்கிறார் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். வாண்டுவுக்கும் அதே நிலைதான். பயமா சந்தோஷமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

வாண்டு என்பது அவள் வாய் ஓயாமல் பேசிய வயதில் அம்மா வைத்த பெயர். காதோரம் நரைத்து, பெற்ற பிள்ளைகள் வளர்ந்து நின்ற பிறகும் பெயர் மட்டும் அவளை விடவில்லை. கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குப் போனாள், மறுவாரமே பட்டறைக்குத் திரும்பி வந்துவிட்டாள். தட்டுவது, வளைப்பது, செதுக்குவது எல்லாம் அப்பா. ஊதிப் பற்றவைப்பது வாண்டு. முத்துக் கோர்ப்பது அம்மா. அந்த வட்டாரத்தில் எந்தப் பெண் காதில் முத்து ஆடினாலும் அது அம்மாவின் விரல் பட்ட முத்தாகத்தான் இருக்கும்.

அம்மாவின் காதில் மட்டும் ஒன்றும் கிடையாது. கழுத்தில் மஞ்சளாக ஒரு நூல், கையில் கண்ணாடி வளையல், அவ்வளவுதான்.

அது வறுமையால் வந்ததில்லை. அம்மா பிடித்த பிடிவாதம். கல்யாணமாகி வந்த புதிதில், தாய்வீட்டுத் தோட்டைப் போட்டுக்கொண்டு பட்டறை வாசலில் நின்றிருக்கிறாள். நகை வாங்க வந்த ஒருத்தி அம்மாவின் காதையே உற்றுப் பார்த்துவிட்டு, "இது நான் குடுத்த தங்கம் மாதிரியே நிறமா இருக்கே" என்று சிரித்தாளாம். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே அம்மா தோட்டைக் கழற்றி வைத்துவிட்டாள். "பத்தர் பொண்டாட்டி பொன் போட்டா, அது யார் வீட்டுப் பொன்னுன்னுதான் ஊரு கேக்கும். எனக்கு வேண்டாம்பா அந்தப் பேச்சு" என்று சொன்னவள்தான், பிறகு பத்தர் எத்தனையோ தடவை கெஞ்சியும் குண்டுமணித் தங்கம்கூட உடம்பில் ஏற்றவில்லை. மூளிக் காதோடு அவள் வாசலில் உட்கார்ந்து முத்துக் கோர்ப்பதைப் பார்த்துத்தான் ஊர் இந்தப் பட்டறையை நம்பியது. வாண்டுகூட புருஷன் வீட்டில் போட்ட கம்மலைப் பட்டறைக்குள் வரும்போது கழற்றிச் சுருக்குப் பையில் போட்டுக்கொள்வாள். கேட்டு வந்த பழக்கமில்லை, பார்த்து வந்த பழக்கம்.

போன வாரம் டாக்டர் கையை விரித்துவிட்டார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. கேக்கறதைக் குடுங்க" என்றார். அவர் மனதில் நினைத்தது கஞ்சி, காப்பி இந்த மாதிரி. அம்மா கேட்டது ஜிமிக்கி.

முந்தாநாள் காலையில் வாண்டு அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா கூரையைப் பார்த்தபடியே சொன்னாள். "எனக்கு ஒரு ஜோடி ஜிமிக்கி வேணும்டி. முத்து வச்சது. உங்கப்பாகிட்ட சொல்லு."

வாண்டுவுக்குத் துணி கையிலிருந்து நழுவியது. "நெசமாவா? ஊரு பேசுமேம்மா."

"பேசட்டும். நானா இருந்து கேக்கப் போறேன்?"

பத்தரிடம் போய்ச் சொன்னாள். அவர் அழுவார் என்று நினைத்திருந்தாள். அவர் எழுந்து நின்று, "ஒத்தை வரிசை முத்தா, ரெட்டை வரிசையான்னு கேளு" என்றார். முகமெல்லாம் பல். இத்தனை வருஷமாக அந்த ஜிமிக்கியை அவர் மனசுக்குள் செய்து செய்து பார்த்து வைத்திருந்திருக்கிறார் என்று அப்போதுதான் வாண்டுவுக்குத் தெரிந்தது. பூ எத்தனை இதழ், குடை எவ்வளவு ஆழம் எல்லாம் தயாராக இருந்தது.

தங்கத்துக்குத் தன் விரலில் கிடந்த மோதிரமே போதும் என்றார். கல்யாணத்தில் மாமனார் போட்ட மோதிரம். விரல் முட்டி வீங்கிப் போய்க் கழற்ற வரவில்லை, கத்தரியால் வெட்டியே எடுத்தார். அம்மாவும் படுக்கையிலிருந்தே சட்டம் போட்டாள்.

"புது மூசையில உருக்குங்க. பழைய மூசையில அடுத்தவங்க பொன்னு ஒட்டியிருக்கும். பலகையை நல்லாத் தொடைச்சிருங்க. வாண்டு, கையைக் கழுவு. நகத்துக்குள்ள இருக்கும் பாரு."

எல்லாம் செய்தார்கள். ஒருத்தர் வீட்டுத் தூசிகூடக் கலக்காமல், மோதிரம் உருகிக் கட்டியாகி, கட்டி தகடாகி, தகடு பூவாகவும் குடையாகவும் ஆனது. இன்று காலை அரும்பும் ஏறிவிட்டது. இனி முத்துதான்.

அப்பாவின் அக்கா, வாண்டுவின் அத்தை, நேற்றே வந்துவிட்டாள். எந்த வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக வந்து அடுப்படியைக் கைப்பற்றுகிற ரகம். பட்டறையில் நடக்கிறதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டா தம்பி, உனக்குப் புத்தி கித்தி பிசகிருச்சா? அவ மூச்சு விடவே கஷ்டப்படுறா, நீ பாட்டுக்குத் தட்டிக்கிட்டு இருக்கே. போய்ப் பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கோயேன்."

"அவதான்க்கா விரட்டுறா. உக்காந்தா, 'இங்க என்ன வேலை, போய்த் தட்டுங்க'ங்கறா."

"நல்ல புருஷன், நல்ல பொண்டாட்டி!" என்று அத்தை காப்பித் தம்ளரை ணங்கென்று வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மில்காரம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. மாவு மில் வைத்திருப்பவள். மகள் கல்யாணத்துக்கு அட்டிகை செய்யத் தங்கம் கொடுத்திருந்தாள். அம்மாவை நலம் விசாரிக்க வந்தவள்தான், ஆனால் கண் நேராகப் பலகை மேல் போனது. பலகை மேல் பளபளவென்று இரண்டு ஜிமிக்கி.

"அழகா இருக்கே! யாருக்கு?"

பத்தர் கையைத் துடைத்துக்கொண்டு வாண்டுவைப் பார்த்தார். வாண்டுவும் அப்பாவைப் பார்த்தாள். உள்ளே இருந்து அம்மாதான் கத்தினாள். அவ்வளவு சத்தம் அந்த உடம்புக்குள் எங்கே இருந்ததோ.

"எனக்கு!"

மில்காரம்மா அப்படியே நின்றாள். பார்வை ஜிமிக்கிக்குப் போனது, அட்டிகை இருந்த சுவர் அலமாரிக்குப் போனது, மறுபடி ஜிமிக்கிக்கு வந்தது. அப்புறம் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "வந்ததுதான் வந்தேன், நம்ம அட்டிகையை ஒரு தடவை எடை போட்டுப் பாத்துடலாமா பத்தரே? சும்மாதான்" என்றாள்.

வாண்டுவுக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை வருஷத்தில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் இந்தப் பட்டறையில் எடை போடச் சொல்லியிருப்பார்களா? வாய் வரை வந்த வார்த்தையை அம்மாவின் சிரிப்பு நிறுத்தியது. உள்ளே அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது.

"பாத்தியா வாண்டு? சொன்னேன்ல? இன்னும் காதுல ஏறவே இல்ல, அதுக்குள்ள! எடை போட்டுக் காட்டுடி, போடு, போடு!"

வாண்டு அட்டிகையை எடுத்து, வாங்கின தங்கத்தின் எடைக்கல்லுக்கு எதிரே தராசில் வைத்தாள். முள் நடுவில் நின்றது. மில்காரம்மாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க... மனசு கேக்கல... எங்க வீட்டுக்காரரு வேற சொல்லிக்கிட்டே..." என்று மென்று முழுங்கினாள்.

"அதெல்லாம் விடு. உள்ள வா" என்றாள் அம்மா. "உன் கல்யாண ஜிமிக்கிக்கு முத்துக் கோத்தது நான். என் ஜிமிக்கிக்குக் கோக்கறதை இருந்து பாத்துட்டுப் போ."

மில்காரம்மா போகவில்லை. கட்டில் ஓரமாக முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

முத்தை வாண்டுதான் கோர்ப்பதாகப் பேச்சு. கோர்க்கவும் ஆரம்பித்தாள். பாதியில் அம்மா கையை நீட்டி ஜிமிக்கியை வாங்கி, விளிம்பை ஒரு தடவு தடவிப் பார்த்தாள். "இது என்னடி, பல்லு விழுந்த வாய் மாதிரி? ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. அவிழ்த்துப் போடு."

"கொஞ்சம் வித்தியாசந்தாம்மா. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே. என்னைத் தூக்கி நிமித்து."

முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தினார்கள். அம்மா முத்துக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முத்தாகக் கட்டைவிரலில் உருட்டிப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். வாண்டு மெல்லிய கம்பியில் கோர்த்து, முனையைச் சுருட்டி, விளிம்பு வளையத்தில் மாட்டினாள். நடுநடுவே அம்மாவுக்கு மூச்சு முட்டியது. அப்போதெல்லாம் எல்லோரும் அசையாமல் இருந்தார்கள். மூச்சு திரும்பியதும், "ம், அடுத்தது" என்றாள். அத்தைகூட அடுப்படியை விட்டு வந்து நிலையில் சாய்ந்து நின்றுகொண்டாள். "அந்த வெள்ளை இன்னும் எடுப்பா இருக்கே" என்று ஒரு முத்தைக் காட்டவும் செய்தாள். காட்டிவிட்டு, காட்டவே இல்லாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசி முத்து ஏறியதும் பத்தர் இரண்டு ஜிமிக்கியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வாண்டு எத்தனையோ நகையைப் பார்த்தவள், இருந்தாலும் கிட்டே போய் நின்றாள். அம்மாவின் கண்ணில் சின்னப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"போட்டு விடுங்க" என்றாள்.

பத்தர் குனிந்து, அம்மாவின் முடியை ஒதுக்கி, காதைப் பிடித்தார். ஜிமிக்கியின் தண்டை வைத்து அழுத்தினார். கொஞ்சம் தள்ளி வைத்தார். காதைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தார். மறு காதுக்குப் போனார். அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனதை வாண்டு பார்த்தாள்.

"என்னப்பா?"

"ஓட்டை இல்லடி."

"என்னது?"

"தூந்து போச்சு. ரெண்டுமே."

ஊரில் பாதிப் பேருக்குக் காது குத்தினவர், எவள் காது எப்படி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவர், இரண்டு நாளாகப் பூவும் குடையும் முத்தும் என்று பறந்தவர், போட வேண்டிய காதை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வாண்டுவும்தான் பார்க்கவில்லை. காதுக்குச் சொந்தக்காரிக்கே ஞாபகம் இல்லை.

முதலில் சிரித்தது அம்மாதான். "நல்ல பத்தரு போங்க! செருப்பைத் தச்சுட்டு, கால் எங்கன்னு தேடுற மாதிரி!" அப்புறம் மில்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அப்புறம் வாண்டு. பத்தர் மட்டும் சிரிக்கவில்லை. ஜிமிக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிற முகமாக நின்றார்.

"குத்துங்க" என்றாள் அம்மா.

"அடியே..."

"குத்துங்கங்கறேன். ஊரு பிள்ளைங்க காதெல்லாம் குத்துனீங்க. என் காது மட்டும் என்ன இரும்பா?"

"சாகப் போற நேரத்துல காது குத்துறதா!" அத்தை பாய்ந்தாள். "கேட்டா வாயால சிரிக்க மாட்டாங்க. வலிக்கும்டி உனக்கு!"

"அண்ணி, எனக்கு எங்கெங்க வலிக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது. இது ஒரு வலியா?"

அத்தை நகர்ந்து வழிவிட்டாள்.

பத்தர் பேனாவை எடுத்தார். எந்தக் குழந்தைக்கும் செய்கிற மாதிரி எதிரே நின்று, ஒரு கண்ணை மூடி, இரண்டு காதிலும் சமமாக மைப் புள்ளி வைத்தார். வைத்த பிறகுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. ஜிமிக்கிப் பூவின் பின்னால் வைத்திருந்தது திருகு போடுகிற கனமான தண்டு. புதிதாகக் குத்தின துளையில் அது ஏறாது. தண்டை வெட்டி எடுத்துவிட்டு மெல்லிய கம்பிக் கொக்கி வைக்க வேண்டும். கொக்கியின் முனையை ஊசியாகத் தீட்டிவிட்டால் குத்துவதும் மாட்டுவதும் ஒரே வேலையாகப் போகும்.

"வாண்டு, விளக்கை ஏத்து!"

இருவரும் பட்டறைக்கு ஓடினார்கள். ஓடினார்கள் என்றால் நிஜமாகவே ஓடினார்கள், பத்தர் வாசற்படியில் கால் இடறி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். முத்து நெருப்பில் பட்டால் வெந்து சுண்ணாம்பாகிவிடும். நல்லவேளை, முத்து எல்லாம் குடையில்தான். குடையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பூவை மட்டும் கரிமேல் வைத்தாள் வாண்டு. பத்தர் கம்பியை இழுத்து வளைத்தார். இவள் ஊதினாள். பொடி ஓடியது. புளித்தண்ணீரில் போட்டு எடுத்து, முனையைத் தீட்டி, குடையை மறுபடி மாட்டி முடிப்பதற்குள் உள்ளே இருந்து, "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஒண்ணு ஆச்சு! இரு, ரெண்டையும் சேத்தே..."

"அந்த ஒண்ணைக் கொண்டாங்க முதல்ல!"

பத்தர் வலது காதில், மைப் புள்ளியில், கொக்கி முனையை வைத்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு பல்லைக் கடித்தாள். சதக்.

"யோவ்!"

வாழ்நாளில் முதல் தடவையாக அம்மா அப்பாவை அப்படிக் கூப்பிட்டாள். பத்தர் பயந்தே போனார். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. வாண்டு பஞ்சால் ஒற்றி எடுத்தாள். கொக்கியை மடக்கிவிட்டதும் ஜிமிக்கி கழுத்தோரமாகத் தொங்கியது. மில்காரம்மா தன் கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்துக் காட்டினாள். அம்மா ரொம்ப நேரம் அதில் பார்த்தாள். வாண்டு அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இதற்கு முன்னால் அம்மா கண்ணாடி பார்த்ததே அவளுக்கு நினைவில்லை. தலை வாரக்கூடக் கையால் தடவிப் பார்த்துத்தான் வாருவாள்.

"நல்லாத்தான் இருக்கேன், இல்ல?" என்றாள்.

"மகாலட்சுமி மாதிரி இருக்கீங்க" என்றாள் மில்காரம்மா.

"இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கு. ஏங்க, நின்னு வேடிக்கை பாக்காதீங்க. போங்க, போங்க."

மறுபடி பட்டறை. மறுபடி கம்பி, கரி, பொடி. பத்தர் கொக்கியைப் பூவின் முதுகில் நிறுத்திப் பிடித்தார். வாண்டு மூச்சை இழுத்து ஊதத் தொடங்கினாள். பூ கறுத்தது, பிறகு சிவந்தது.

"தம்பி!" உள்ளே அத்தையின் குரல். பிறகு வேறு மாதிரி ஒரு குரலில், "ஐயோ தம்பி, வாடா! வாண்டு!"

பத்தர் இடுக்கியைப் போட்டுவிட்டு எழுந்தார். முக்காலி உருண்டது. அவர் போய்விட்டார்.

வாண்டு எழவில்லை. இடது கையால் இடுக்கியை எடுத்துக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு ஊதினாள். பாதியில் மூச்சை நிறுத்தினால் பொடி அப்படியே உறைந்து கொக்கி கோணலாகிவிடும், அப்புறம் உருப்படாது. அம்மா போய்விட்டாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அத்தை அழுகிற சத்தம் கேட்டது. அப்பாவின் சத்தம் கேட்கவில்லை. எழுந்து ஓடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. அழுதால் மூச்சு உடைந்துவிடும் என்பதால் அழாமல் ஊதினாள். கண்ணிலிருந்து வழிந்தது தானாக வழிந்துகொண்டிருந்தது. பொடி மின்னி ஓடியதும் குழலைக் கீழே வைத்தாள். கொக்கி நேராக நின்றது. அதன் பிறகுதான் அவளால் எழுந்திருக்க முடிந்தது.

உள்ளே அம்மா தலையணையில் சாய்ந்தபடியே இருந்தாள். கண்ணாடி மடியில் கவிழ்ந்து கிடந்தது. பத்தர் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார், கையில் எண்ணெயும் கரியும் அப்படியே. வாண்டு போய் அம்மாவின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு வாய்விட்டே அழுதாள். யாரும் தடுக்கவில்லை.

அழுது கொஞ்சம் ஓய்ந்தபோது அத்தை மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். இனி அவள் வேலை.

"ஆளுங்க வர ஆரம்பிச்சிருவாங்க. அதுக்குள்ள அதைக் கழட்டிரு வாண்டு."

"எதை?"

"காதுல இருக்கறதைத்தான். ஒத்தை ஜிமிக்கியோட படுக்க வச்சா பாக்க நல்லாவா இருக்கும்? அதுவும் நேத்து வரைக்கும் மூளிக் காதா இருந்தவ. வர்றவங்க அவளுக்கு அழுவாங்களா, இது ஏது பொன்னுன்னு காதைக் கடிப்பாங்களா? அவ பேரு இத்தனை வருஷம் சுத்தமா இருந்துச்சு. இப்போ போகும்போது எதுக்கு?"

அத்தை சொன்னதில் தப்பில்லை. அதுதான் வாண்டுவுக்கு வலித்தது. அம்மா தன் காதை மூடி வைத்துக் காப்பாற்றிய பெயர் அது. ஆனால் அதே அம்மாதான், பேசட்டும் என்றும் சொன்னாள். இப்போது கழற்றினால் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் பிடுங்கின மாதிரி ஆகிவிடும்.

"கழட்டலை அத்தை" என்றாள்.

"அப்போ ஒத்தையாவா அனுப்புறது?"

வாண்டு பட்டறைக்குப் போனாள். பூவைப் புளித்தண்ணீரில் போட்டு எடுத்துத் துடைத்து, குடையை மாட்டி, முனையைத் தீட்டிக்கொண்டு வந்தாள். அப்பாவிடம் நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என்னால ஆகாதுடி."

"நான் குத்தினதே இல்லையேப்பா."

"புள்ளி வச்சிருக்கேன்" என்றார் பத்தர்.

அத்தை சண்டைக்கு வருவாள் என்று நினைத்தாள். வரவில்லை. "அவ கேட்டாளே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். மில்காரம்மாதான் முக்காலியிலிருந்து எழுந்து வந்தாள். அழுது வீங்கின முகம். வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, "நான் பிடிச்சுக்கறேன்" என்று அம்மாவின் தலையை இரண்டு கையிலும் ஏந்தினாள்.

இடது காதில் மைப் புள்ளி கலையாமல் இருந்தது. அம்மாவின் காது இன்னும் சூடாகத்தான் இருந்தது. வாண்டு முனையைப் புள்ளியில் வைத்தாள். "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டு அழுத்தினாள். நினைத்ததைவிடச் சுலபமாகப் போனது. பஞ்சை எடுத்துக்கொண்டு குனிந்தாள். துடைக்க ஒன்றும் வரவில்லை.

கொக்கியை மடக்கினாள். "ஆச்சுப்பா" என்றாள்.

பத்தர் தரையில் கையை ஊன்றி எழுந்து வந்தார். தலைமாட்டில் நின்று வலது காதைப் பார்த்தார், இடது காதைப் பார்த்தார். சற்றுத் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடி இரண்டும் மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தார். அவர் முகத்தில் பட்டறைக் களை வந்துவிட்டது. ஜிமிக்கி போட்டுப் பார்க்க வருகிற எல்லோரிடமும் சொல்கிற அதே குரலில், பழக்கத்தில், "எங்க, தலையை ஆட்டு, பாக்கலாம்" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அத்தை திரும்பிப் பார்த்தாள்.

மில்காரம்மா இன்னும் அம்மாவின் தலையை விடவில்லை. அவள் வாண்டுவைப் பார்த்தாள். வாண்டு சரி என்பதாகத் தலையசைத்தாள். மில்காரம்மா அந்தத் தலையை மெதுவாக இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பினாள். இரண்டு காதிலும் முத்துகள் ஆடி, ஒன்றையொன்று தொட்டு, நின்றன.

"இன்னொரு தடவை" என்றார் பத்தர்.